கரட் நிறத்தில் ஒரு நாகதம்பிரான்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், என் வலது மணிக்கட்டில் ஒருவர் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கண்கலங்கக் கும்பிட்டார்.

என்னை அல்ல. அந்த மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்திருந்த பாம்பை.

அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும்? பக்திப் பரவசம் என்று கும்பிட்டவர் நினைத்தார். இன்றுவரை அப்படித்தான் எல்லோருக்கும் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மை என்னவென்றால், எனக்குப் பாம்பென்றால் பயம்.

வீட்டில் பாம்பா, உமக்கென்ன விசரா என்று கேட்கப்போகிறீர்கள். நியாயமான கேள்வி. என் மனைவி வசந்தியும் அதையேதான் கேட்டார். கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எங்கள் மகள் ஆரணிக்குப் பதின்மூன்று வயது. நாய் வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மொன்றியல் மாசி மாதத்தில், மூக்குச்சளி உறையும் குளிரில், நாயைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கப்போவது யார்? நான் வழக்கம்போல "பாப்பம்" என்றேன்.

எங்கள் ஊர் அப்பாமார் "பாப்பம்" என்றால் அது நடக்காது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, தெரியும். ஆனால் இங்கே பிறந்த பிள்ளை என்ன செய்கிறது? "பாப்பம்" என்றால் "எப்ப?" என்று கேட்கிறது.

பூனை என்றாள். எனக்கு ஆஸ்துமா. மீன் என்றேன் நான். "வேண்டாம், நீங்கள் திரும்பவும் கொன்றுபோடுவீங்கள்" என்றாள். அதுவும் உண்மைதான். முன்பு ஒரு தங்கமீன் வைத்திருந்தோம். பாவம், பசிக்குமே என்று பிட்டை உதிர்த்துப் போட்டேன். ஒரு வாரம் தாங்கவில்லை.

கடைசியில் கெட்டித்தனமாக ஒன்று சொன்னேன். "முடி இருக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது, வெளியிலை கூட்டிக்கொண்டு போற வேலையும் இருக்கக்கூடாது. அப்பிடி ஏதும் இருந்தாச் சொல்லு பிள்ளை, பாப்பம்."

அப்படி ஒரு மிருகம் உலகத்தில் கிடையாது என்ற தைரியம். ஆரணி லாப்டொப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். கிடையாதா? இருந்தது. அது நாக்கை வேறு நீட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கை அதுவோ? அப்ப நான் வெளியிலை" என்றார் வசந்தி. ஆனால் தாய்க்கும் மகளுக்கும் இடையில் என்ன பேச்சுவார்த்தை நடந்ததோ, இரண்டு நாளில் நிபந்தனைகளோடு இறங்கி வந்தார். விளக்கு வைத்த பிறகு அதன் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது; "பூச்சி" என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குச் சாப்பிடக் கொடுக்கும் எலி வெள்ளிக்கிழமைகளில் வெளியே வரக்கூடாது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை எங்கள் வீடு சைவம். பூச்சியும் சைவம்தான் அன்றைக்கு.

கடைக்குப் போனோம். பச்சைத் தலைமுடியும், கை முழுக்கப் பச்சை குத்தலுமாக ஒரு பெண் நின்றாள். ஆரணி பிரெஞ்சில் அவளைக் குறுக்கு விசாரணை செய்தாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? உயிருள்ள எலியா, ஐஸில் வைத்த எலியா? கடைசியாக எப்போது தோல் கழற்றியது, முழுதாகக் கழன்றதா? நான் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன். "பெட்டியை விட்டு வெளியிலை வருமோ?"

"மூடியைப் பூட்ட மறந்தால் கட்டாயம் வரும்" என்றாள் சிரித்துக்கொண்டே.

இருந்ததில் மிகச் சிறியதாக ஒன்றைக் காட்டினேன். சின்னது என்றால் பயமும் சின்னது என்று கணக்கு. அந்தப் பெண் வேண்டாம் என்று தலையாட்டினாள். முதன்முதலில் பாம்பு வாங்குகிறவர்கள் அளவையும் நிறத்தையும் பார்த்து ஏமாறக்கூடாதாம். குஞ்சுப் பாம்பு நோஞ்சானாக இருக்கும், ஏற்கனவே நன்றாகச் சாப்பிட்டுப் பழகிய ஒன்றை எடுக்க வேண்டுமாம். அப்படித்தான் ஒரு வயதுக் கோர்ன் ஸ்னேக் ஒன்று எங்களுக்கு வாய்த்தது. விஷம் இல்லை. படம் எடுக்காது. நல்ல கரட் நிறம். ஆரணி அந்த இடத்திலேயே பெயர் வைத்தாள், கிளெமென்டின் என்று. ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டித் தோடம்பழம் இருக்கிறதே, அதன் பெயர்தான்.

கையில் வைத்துப் பார்க்கிறீர்களா என்று கடைப்பெண் என்னிடம் நீட்டினாள். நான் கோட் பொக்கற்றுக்குள் இரண்டு கையையும் ஆழமாக விட்டுக்கொண்டு "மெர்சி, மெர்சி" என்றேன். மெர்சி என்றால் நன்றி. "வேண்டாம்" என்பதற்கும் நான் அதைத்தான் பாவிக்கிறேன். இத்தனை வருடம் இந்த நகரத்தில் அப்படியே சமாளித்தாயிற்று.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் சூடாக இருக்க வேண்டும், மறு பக்கம் குளிர்மையாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு சின்னப் பெட்டி. கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம். கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் இருக்கிற எங்கள் அப்பார்ட்மென்டும் அப்படித்தானே? ஹீற்றர் பக்கம் வேர்க்கும், ஜன்னல் பக்கம் விறைக்கும். கிளெமென்டினுக்கு வீடு பழக நாள் எடுக்காது என்று நினைத்தேன்.

எலிகள் பிறீஸருக்குள் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் குடியேறின. தமிழ் வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் வசந்தி அதன்மேல் கொட்டை எழுத்தில் "மருந்து" என்று எழுதி ஒட்டினார்.

இந்தக் கட்டத்தில்தான் நான் ஒரு விசர் வேலை பார்த்தேன்.

போன மாதம் இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில், "பாம்பும் நானும்" என்று எழுதியது நினைவிருக்கிறதா? பாம்பு தோளில் ஊர்ந்தது, அதன் குளிர்ச்சியில் ஒரு தியானம் இருந்தது... என்றெல்லாம் எழுதினேன். பலர் பாராட்டினீர்கள். நண்பர்களே, ஊர்ந்தது ஆரணியின் தோளில். தியானத்தை நான் கதவுக்கு வெளியே நின்று செய்தேன்.

எழுதியதன் பலன் உடனே கிடைத்தது. ஒவ்வொரு சனி ஞாயிறும் யாராவது ஒரு குடும்பம் பாம்பு பார்க்க வந்தது. வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். கிளெமென்டின் தன் சின்னப் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

ஒரு வாரம், இரண்டு வாரம்... ஆரணி எலியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு, பதமாக்கி, இடுக்கியால் பிடித்துக் காட்டுவாள். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிள்ளை அழுதுகொண்டே எலியைக் கொண்டுபோய் எறிவாள். கிளெமென்டினின் முதுகெலும்பு தெரியத் தொடங்கியது. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிடிக்காத விருந்தாளி என்றாலும் என் வீட்டில் பட்டினி கிடந்தால் எப்படிப் பொறுக்கும்?

கடைப்பெண்ணுக்குப் போன் எடுத்தோம். அவள் முதலில் கேட்ட கேள்வியே, "வீட்டில் ஏதாவது புகை இருக்கிறதா?"

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வசந்தி வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவார். கிளெமென்டின் வந்த பிறகு அதன் பெட்டிக்கு முன்னால் கூடுதலாக இரண்டு சுற்று. வேண்டாத விருந்தாளி என்றாலும் அது பாம்பல்லவா, ஒரு மரியாதை! அந்தச் சின்னச் சுவாசப்பைக்குள் வாரா வாரம் நாங்கள் பக்தியை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சாம்பிராணி குசினி அடுப்படியோடு நின்றது. விருந்தாளிகள் வருவதும் நின்றது. கண்ணாடியின் மூன்று பக்கமும் துணி போட்டு மூடினோம். போன சனிக்கிழமை மாலை, ஆரணி எலியை நீட்ட, கிளெமென்டின் நாக்கை நீட்டிப் பார்த்தது... ஒரே பாய்ச்சல். ஆரணி என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் துள்ளினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. வசந்திகூடக் கதவடியில் நின்று, "பூச்சி சாப்பிட்டிட்டுதோ?" என்று கேட்டார்.

கடைப்பெண் சொன்ன விதி ஒன்று இருந்தது. சாப்பிட்ட பிறகு இரண்டு நாளைக்கு யாரும் அதைத் தொடக்கூடாது, குழப்பக்கூடாது. சுத்தமான தண்ணீரைத் தவிர வேறெதுவும் பெட்டிக்குள் போகக்கூடாது. கலவரப்பட்டால் வாந்தி எடுத்துவிடும். இவ்வளவு மெலிந்த பாம்பு இந்தச் சாப்பாட்டையும் வாந்தி எடுத்தால் பிழைப்பது கஷ்டம்.

பள்ளிக்கூட விடுமுறை வாரம். மறுநாள் ஞாயிறு காலையில் ஆரணி பனிச்சறுக்கு முகாமுக்குப் போனாள். அங்கே போன் பாவிக்க விடமாட்டார்கள். பஸ்ஸில் ஏறும்போது என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, ஒருத்தரும் கிளெமென்டினின்ரை அறைக்குள்ளை போகக்கூடாது. ஒருத்தரும்! ப்ரொமிஸ்?"

"ப்ரொமிஸ்" என்றேன்.

வசந்தி ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் தேநீரோடு சோபாவில் சாய்ந்தேன். போன் அடித்தது. சரசக்கா.

பெயரை மாற்றியிருக்கிறேன், ஆனால் வாசித்ததும் அவருக்குத் தன்னைத் தெரிந்துவிடும். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம் முழுவதும் அவர் வீட்டில்தான் படுத்தேன். என் முதல் வின்டர் கோட் அவருடைய கணவரின் கோட். இரவு வேலை முடிந்து வந்தால் அடுப்பில் எனக்கென்று பிட்டு மூடியிருக்கும். அப்படிப்பட்டவர் கேட்டால் மறுக்க முடியுமா?

"தம்பி, உம்மடை வீட்டிலை நாகதம்பிரான் இருக்கிறாராம். எழுதியிருந்தீர், வாசிச்சனான். இண்டைக்கு ராகுகாலத்துக்குப் பால் கொண்டு வாறன்."

நாகதம்பிரான் என்றால் எங்கள் ஊர்ப் பாம்புச்சாமி; பால் வைப்பது வழக்கம். "அக்கா, அது இப்ப நித்திரை."

"நல்லது. நான் சத்தம் போடமாட்டன்."

"நேற்றுத்தான் அக்கா சாப்பிட்டது."

"சாப்பிட்டாப் பிறகு பால் குடிக்கிறது நல்லதுதானே."

"இல்லை... ராகுகாலம் நாலரைக்கல்லோ? எனக்கு அந்த நேரம் ஒரு..."

"அது ஊரிலை தம்பி. இஞ்சை சூரியன் எழும்புறதைப் பொறுத்து மாறும். என்னட்டை ஆப் இருக்கு. நீர் வீட்டிலைதானே நிப்பீர்?"

"ஓம் அக்கா" என்றேன்.

பார்த்தீர்களா? "ஓம் அக்கா." வாரா வாரம் ஒரு பக்கம் நிரப்புகிறவன். தேர்தலைப் பற்றி எழுதுவேன், உலகப் பொருளாதாரத்தைப் பற்றி எழுதுவேன். "வேண்டாம் அக்கா" என்ற இரண்டு சொல் வாயில் வரவில்லை.

வந்தார். கம்பளிக் கோட்டுக்குள் பட்டுச்சேலை. பனிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, லஞ்ச் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். பால் பிளாஸ்க், ஒரு முட்டை, மஞ்சள், குங்குமம், கற்பூரம்.

கற்பூரத்தைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. "அக்கா, புகை பட்டா அலாரம் அடிக்கும். பில்டிங் முழுக்க இறங்கிக் குளிருக்கை நிக்க வேணும்."

"அப்ப வேண்டாம்" என்று உடனே பைக்குள் வைத்துவிட்டார். கவனித்தீர்களா? அலாரம் வேண்டாம் என்றால் யாருக்கும் மனம் நோகாது. நான் வேண்டாம் என்றால்தான் நோகும். அல்லது நோகும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

"முட்டையும் வேண்டாம் அக்கா, அதின்ரை வாய்க்குள்ளை போகாது." இதைச் சொன்னதும் எனக்கே ஆச்சரியம். அந்த வேகத்தில் பாலையும் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் அறைக்குள் போய்விட்டார்.

கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். கிளெமென்டின் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டியிருந்தது.

"இதுவோ தம்பி?"

"ஓம் அக்கா."

"கரட் மாதிரி இருக்கு. படம் எடுக்குமோ?"

"எடுக்காது."

"விஷம்?"

"இல்லை."

சரசக்கா யோசித்தார். "பரவாயில்லை. இந்தக் குளிருக்கை இதாவது கிடைச்சுதே."

பிறகு கோட்டைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு சொன்னார். "சுபாவுக்காகத்தான் தம்பி. கீழை கார்லை இருக்கிறாள். மேலை வரமாட்டாளாம்."

சுபா அவருடைய ஒரே மகள். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. நாற்பதை நெருங்குகிறாள். கல்யாணம் ஆகவில்லை.

"சாதகத்திலை நாகதோஷம். வாற ஒவ்வொண்டும் கடைசி நேரத்திலை குழம்புது. அவளின்ரை அப்பாவும் போயிட்டார். நானும் கண்ணை மூடினா, காய்ச்சல் எண்டு படுத்தா ஒரு கஞ்சி வைச்சுக் குடுக்க ஆர் இருக்கினம்? எல்லாக் கோயிலுக்கும் போயிட்டன் தம்பி. இனி எங்கை போறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

அவருடைய கை பால் பிளாஸ்கை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்குப் பிட்டு மூடி வைத்த கை. சொல்லுங்கள், நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் பாம்புப் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

தண்ணீர்க் கிண்ணத்துக்குள் பாலை ஊற்றினார். தண்ணீர் வெள்ளையானது. கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளெமென்டின் வெளியே வந்தது. நடு உடம்பில் ஒரு வீக்கம், நேற்றைய எலி. அந்த வீக்கத்தைச் சுமந்துகொண்டு மெல்ல மெல்லக் கிண்ணத்தை நோக்கி ஊர்ந்தது. தாகமாக இருந்திருக்க வேண்டும். பாம்புக்குப் பால் சமிக்காது, வாந்தி எடுக்கும் என்று ஆரணி எனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளிய பிள்ளை. என் கன்னத்தைப் பிடித்து ப்ரொமிஸ் வாங்கிய பிள்ளை.

இப்போதாவது வாயைத் திறந்து "அக்கா, பால் கூடாது" என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

ஆகவே கையை விட்டேன்.

ஆம். பாம்புப் பெட்டிக்குள், என் சொந்தக் கையை. வாழ்க்கையில் முதல்முறை. கிளெமென்டினின் நாக்கு பாலைத் தொடுவதற்கு முன் கிண்ணத்தைத் தூக்கினேன். அது என்ன நினைத்ததோ, கை சூடாக இருந்திருக்கும், அப்படியே மணிக்கட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டது.

நான் அமைதியாக நின்றேன் என்று எழுத ஆசைதான். ஆனால் போன மாதம் எழுதியதே போதும். "முருகா!" என்று கத்தினேன்.

சரசக்கா கண்ணைத் திறந்தார். ஒரு கையில் பாம்பும் பால் கிண்ணமுமாக, முருகா என்று அலறியபடி நான்.

"ஐயோ தம்பி... ஏறியிட்டார்! உம்மடை கையிலை ஏறியிட்டார்!"

பிறகுதான் அந்த மஞ்சள், குங்குமம். கிளெமென்டினில் படாமல் என் மணிக்கட்டில் மட்டும் படும்படி கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அது அசையாமல் இருந்தது. குளிராக, பாரமே இல்லாமல், மெல்ல இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அதற்கு என்னைவிடப் பயம் என்று அப்போதுதான் விளங்கியது.

"பால் குடிச்சவரோ தம்பி?"

இது இன்னொரு சந்தர்ப்பம். "இல்லை" என்று ஒரு சொல். "ஓம் அக்கா" என்றேன்.

"அப்ப மிச்சம் பிரசாதம். நீரும் ஒரு வாய் குடியும், எனக்கும் தாரும்."

பாம்பு குடிக்கிற கிண்ணம் அது. அதைத் தொட்டால் சோப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று கடைப்பெண் இரண்டு முறை சொல்லியிருந்தாள். அதில் எழுபது வயது அக்காவைக் குடிக்க விட முடியுமா? முடியாது. வேண்டாம் என்று சொல்ல வருமா? வராது.

முழுவதையும் நானே குடித்தேன். ஒரே மடக்கில், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல்.

"என்ன பக்தி!" என்றார் சரசக்கா. அவர் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. என் கண்ணிலிருந்தும்தான், காரணம் வேறு.

கிளெமென்டினை மெல்லப் பெட்டிக்குள் இறக்கினேன். அது தானாகவே கழன்று, சூடான பக்கத்துப் பெட்டிக்குள் போய்விட்டது. மூடியைப் பூட்டி, அக்காவைக் கைப்பிடியாகக் கூட்டிக்கொண்டு கார் வரைக்கும் போனேன். பனிக்கு நடைபாதை வழுக்கிக்கொண்டிருந்தது. அக்கா முன் சீற்றில் ஏறி, பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார். சுபா இறங்கி என் பக்கம் வந்தாள்.

"அண்ணை, பாம்பு ஓகேயோ?"

அன்றைக்குப் பாம்பைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். மெல்லிய குரலில் நடந்ததைச் சொன்னேன். பால் குடித்த இடம் வந்ததும் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு, காரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மாக்கு 'வேண்டாம்' எண்டு சொல்ல ஏலாது அண்ணை. எனக்குத் தெரியும். எனக்கு இப்பிடியே நல்லாத்தான் இருக்கு. வேலை இருக்கு, கூட்டாளிமார் இருக்கினம். ஆனா அதைச் சொன்னா அவ அழுவா. அதாலை ஒவ்வொரு கோயிலுக்கும் கொண்டுபோய் விடுறன். நானும் எத்தினையோ வருசமாக் கார்லைதான் இருக்கிறன்."

நான் காரின் கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்தேன்.

"நீங்கள் எழுதுற ஆள்தானே" என்றாள். "அம்மா உங்கடை பேப்பரை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறவ. எழுதிவிடுங்கோவன். நான் சொன்னனான் எண்டும் எழுதுங்கோ."

அடுத்த இரண்டு நாளும் வீட்டில் ஒருவர் வாந்தி எடுத்தார். அது கிளெமென்டின் அல்ல.

எனக்கு வயிற்றைக் கலக்கும்போதெல்லாம் எழும்பி அதன் அறையை எட்டிப் பார்ப்பேன். வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. செவ்வாய்க்கிழமை இரவோடு மறைந்துவிட்டது. அது எலியைச் சமித்துவிட்டது. நான் பாலைச் சமிக்கவில்லை. என்ன நடந்தது என்று வசந்தி திரும்பத் திரும்பக் கேட்டார். பழைய வடை என்றேன்.

புதன்கிழமை ஆரணி வந்தாள். பையைக் கூடக் கழற்றாமல் நேரே அறைக்கு ஓடி, டோர்ச் அடித்துப் பார்த்தாள். பிறகுதான் எனக்கு ஒரு கட்டிப்பிடிப்பு கிடைத்தது. அந்தக் கட்டிப்பிடிப்புக்குள் வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் விலகி நின்று பார்த்தாள். "ஆரையும் விடமாட்டன் எண்டு சொன்னீங்கள் அப்பா."

"ஓம் பிள்ளை. பிழைதான்."

"உள்ளுக்கை கையை விட்டீங்களோ? நீங்களோ?"

"ஓம்."

"ஏன்? அவவுக்கு 'நோ' எண்டு சொல்லியிருக்கலாமே?"

"அது கஷ்டம் பிள்ளை."

"பாம்பைப் பிடிக்கிறதை விடவோ?"

யோசித்துப் பார்த்தேன். "ஓம்" என்றேன்.

ஆரணி என்னை அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளெமென்டின் சாப்பிடாமல் இருந்த நாட்களில் அதைப் பார்த்த அதே பார்வை. கோபம் இல்லை, இதற்கு என்ன வருத்தம், என்ன நோய், எப்படித் தேற்றுவது என்கிற கவலை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். சரசக்கா சொன்னாராம். பேரனுக்குச் சாதகத்தில் ஏதோ சரியில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு வரலாமா? முதல்நாளும் இரண்டு குடும்பத்தார் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

"அப்பா" என்றாள் ஆரணி, நான் போனை வைத்ததும். "மூண்டு குடும்பம் பால் ஊத்தினா அவள் செத்துப்போவாள்."

அழவில்லை. சும்மா சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது.

திருப்பிப் போன் எடுத்துச் சொல்லலாம் என்று மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். மூன்று முறையும் வைத்துவிட்டேன். என் வருத்தம் எனக்குத் தெரியும். வாயால் வராது. ஆனால் நல்ல காலம், இந்தப் பத்திரிகை சனிக்கிழமை காலையிலேயே தமிழ்க் கடைகளுக்கு வந்துவிடும். ராகுகாலம் ஞாயிறு பின்னேரம்தான்.

ஆகவே இந்த வாரம் இதையே எழுதுகிறேன். மூன்று குடும்பத்தாரும் மன்னிக்க வேண்டும். பால் வேண்டாம். பாம்பு பார்க்கவும் வேண்டாம். இந்தச் சொல்லை இரண்டு முறை எழுதிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

சரசக்கா, நீங்கள் எப்போதும்போல வாருங்கள். பிளாஸ்கை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். சுபாவையும் மேலே கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளுக்கு உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது, தேநீர் நான் போடுகிறேன். இன்னும் ஒன்று. அன்றைக்கு நாகதம்பிரான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை அக்கா. அத்தனையும் குடித்தது நான்.

தோஷம் ஏதாவது கழிந்திருந்தால், அது எனக்குத்தான் கழிந்திருக்கும்.